இனிக்கும் சுவர்

செம்பூர்,
10-7-1966

பேராச்சிக்கு வெயிலுமுத்து எழுதுவது.

நீ கோபித்துக்கொண்டு தாராவிக்கு உன் தம்பி சுயம்பு வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. ஒரு பஸ் ஏறினால் வந்துவிடலாம். நீ வரவில்லை, நானும் வரவில்லை. அதனால் தபால்காரனுக்கு வேலை கொடுக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து அம்மா எழுதியிருக்கிறாள். சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு பெண் பார்த்து வைத்திருக்கிறாளாம், தை பிறந்ததும் முடித்துவிடலாம் என்கிறாள். கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆயிற்று, மடியில் ஒரு பிள்ளை இல்லை, அவள் கேட்பதில் என்ன தப்பு? உன்னைக் கைவிட மாட்டேன். ஆனால் ரகளை பண்ணாமல் ஒதுங்கிக்கொள். கோர்ட், பஞ்சாயத்து என்று சுயம்பு கிளம்பினால் எனக்குத்தான் தலைகுனிவு.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. கோடவுனில் வாட்ச்மேன் வேலை எப்போதும்போலத்தான். நம் ஒற்றை அறைக் கோலியில் எல்லாமே நசநச என்று கிடக்கிறது, பின்சுவர் ஒன்றைத் தவிர. அது உனக்கே தெரியும். பழைய பாட்டரித் தகட்டை உருக்கும் பட்டறை அந்தப் பக்கம் எரிகிற வரைக்கும் இந்தப் பக்கம் நமக்கு வெதுவெதுப்பு. மேஜரை அந்தச் சுவரோரமாகவே கட்டிப் போட்டிருக்கிறேன். மிலிட்டரி துரை மாற்றலாகிப் போகும்போது என் கையில் பிடித்துக் கொடுத்த நாய், மழையில் நனைந்து இருமினால் மனசு கேட்குமா? செம்பூர், மாட்டுங்கா முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு அல்சேஷன் கிடையாது. பெட்டை வைத்திருப்பவர்கள் இன்னும் தேடித்தான் வருகிறார்கள். கூலிக்குப் பதில் குட்டியில் முதல் தேர்வு நமக்கு என்று எப்போதும்போலப் பேச்சு.

மேஜர் புதிதாக ஒரு வழக்கம் பழகியிருக்கிறது. சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அதை நக்கிக்கொண்டே இருக்கிறது. உப்புக்கு ஏங்குகிறது போலிருக்கிறது.

பதில் போடு.

வெயிலுமுத்து


தாராவி,
18-7-1966

அத்தானுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் கை போனது. நிறுத்திக்கொண்டேன். நான் நலமாக இல்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவும் இன்றைக்கு எனக்கு மனசில்லை.

அத்தை என்னை மலடி என்று சொன்ன அன்றைக்கு நீங்கள் வாசலில் உட்கார்ந்து மேஜருக்கு ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். அத்தை சொன்னது வலித்தது. நீங்கள் அடுத்த ரொட்டியைப் பிய்த்தீர்களே, அதுதான் என்னைப் பெட்டியைத் தூக்க வைத்தது.

இப்போது ஒரு சங்கதி சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். நான் தோல்பைகளுக்கு உள்துணி தைத்துக் கொடுக்கும் பட்டறை கரீம் பாட்சாவுடையது என்று உங்களுக்குத் தெரியும். அவருடைய ஜூலியை ஞாபகம் இருக்கிறதா? போன வருஷம் இரண்டு தடவை மேஜரிடம் கொண்டுவந்தார். இரண்டு தடவையும் ஒன்றும் தங்கவில்லை. "பெட்டை சரியில்ல பாய், வேற பாருங்க" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். உங்கள் வாயை நம்பி அவர் அதைத் தெருவில் விட்டுவிட்டார். எலும்பும் தோலுமாக எங்கள் சந்தில் கிடந்தது. நான்தான் கஞ்சி ஊற்றினேன். எனக்கும் அதற்கும் ஒரே பட்டம் என்று நினைத்தேனோ என்னவோ.

நேற்று ஜூலி ஆறு குட்டி போட்டிருக்கிறது. அப்பன் யார் தெரியுமா? மீன்காரி கூடையைச் சுற்றி அலையும் ஒற்றைக்காது தெருநாய். ஆறும் கொழுகொழு என்று இருக்கின்றன.

அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. உட்கார்ந்து யோசித்தேன். நம் லைனில் நாலு கோலி. நான் இருந்த ஐந்து வருஷத்தில் அங்கே ஒரு பிள்ளையாவது பிறந்ததா? வாடகைக்கு வந்தவர்கள் சும்மா வந்து சும்மா போனார்கள். சேவல் வைத்திருந்தோமே, கோழியை அடை வைத்தபோதெல்லாம் கூமுட்டைதானே? சுவரோரம் படுக்கும் அந்தச் சாம்பல் பூனைகளை எத்தனை வருஷமாகப் பார்க்கிறோம், அதில் ஒன்று குட்டியைக் கவ்விக்கொண்டு போய் நீங்கள் பார்த்தது உண்டா?

எங்கப்பா கல்யாணச் சீரோடு ஒரு இரும்புக் கொக்கி அடித்துக் கொடுத்தார், தொட்டில் கட்ட. வந்த முதல் வாரமே உத்தரத்தில் நீங்கள்தான் அதை ஏற்றினீர்கள். அதில் இப்போது என்ன தொங்குகிறது?

பேராச்சி


செம்பூர்,
2-8-1966

பேராச்சிக்கு,

கொக்கியில் என் குடை தொங்குகிறது. போதுமா?

ஜூலி கதையை என்னிடம் அளக்காதே. தெருநாயோடு போன பெட்டைக்கு என்ன மரியாதை? மேஜருக்குக் குறை என்று நீ ஜாடை பேசுகிறாய். அது நாயைப் பற்றிய பேச்சு இல்லை என்று எனக்குப் புரியாமல் இல்லை. அவ்வளவு மண்டு இல்லை நான்.

மேஜர் கொஞ்சம் களைத்திருக்கிறது, அதுதான் விஷயம். அடிக்கடி விட்டதில் வீரியம் குறைந்திருக்கும். அதனால் மூன்று மாதமாக ஒரு பெட்டையையும் அண்ட விடவில்லை. சேரட்டும் என்று வைத்திருக்கிறேன். முட்டை, பால், எள்ளுருண்டை, எல்லாம் வேளாவேளைக்குப் போகிறது. புரட்டாசி கழித்து ஒரு பெட்டை வரப்போகிறது, அப்போது தெரியும்.

பக்கத்துக் கோலி பூதத்தான் காலி செய்துவிட்டான். பெண்டாட்டி முதலிலேயே ஊருக்குப் போய்விட்டாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டே மூட்டை கட்டினான். "அண்ணாச்சி, இந்தச் சுவரு நம்மளையே பாத்துக்கிட்டு இருக்கு"ன்னு சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பயல் குடித்திருந்தான். இப்போது லைனில் நானும் மேஜரும் மட்டும்தான்.

ஓட்டின் இடுக்கில் குருவி கூடு கட்டியிருந்தது. நாலு முட்டை. குருவி நெடுநாள் அடைகாத்துவிட்டு ஒருநாள் எழுந்து போனது, திரும்பவில்லை. முட்டைகள் அப்படியே இருக்கின்றன. கையில் எடுத்தால் இன்னும் சூடு.

மத்தியானத்தில் பட்டறைத் துருத்தி ஓடும்போது தொட்டில் ஆடும் சத்தம் கேட்கிறது. கயிறு கொக்கியில் உரசுமே, அதே சத்தம். பயப்படாதே, துருத்திதான். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. சுவரில் முதுகைச் சாய்த்தால் அந்தப் பக்கம் யாரோ முதுகு சாய்த்து உட்கார்ந்திருப்பது போல இதமாக இருக்கிறது. தனியாக இருக்கிறவனுக்கு அதுவும் வேண்டித்தான் இருக்கிறது.

வெயிலுமுத்து


தாராவி,
11-8-1966

அத்தானுக்கு,

நாயையும் விரதம் இருக்க வைத்துவிட்டீர்களா! ஆடி மாதம் என்று என்னைத் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் "இந்தத் தடவை பாரு" என்று மீசையை முறுக்கினீர்களே, அந்த வைத்தியம்தானே மேஜருக்கும்? எழுத்தில் சிரிக்க முடியாது. சிரித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் குருவி முட்டையை நினைத்துச் சிரிப்பு நின்றுபோனது.

மாட்டுங்காவில் சேசுராஜ் என்று ஒரு நாய் டாக்டர் இருக்கிறார். நம் பக்கத்துக்காரர்தான், பேச்சிலேயே தெரியுமாம். ஒரு சொட்டு எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவாராம், நாயிடம் உயிர் இருக்கிறதா இல்லையா என்று. கரீம் பாட்சா விசாரித்து வைத்திருக்கிறார். ஜூலியைத் தெருவில் விட்ட பாவம் அவரை உறுத்துகிறது. தாயையும் குட்டிகளையும் பட்டறைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

மேஜரை அவரிடம் கொண்டுபோங்கள். குறை ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் தை மாதம் நானே ஊருக்கு வந்து உங்கள் கல்யாணப் பந்தியில் இலை போட்டுப் பரிமாறுகிறேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். குறை இருக்கிறது என்று சொன்னால், சாத்தான்குளத்துப் பெண்ணை அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுவந்து உட்கார வைக்காதீர்கள். அவளும் ஐந்து வருஷம் கழித்து யாராவது தம்பி வீட்டைத் தேடி ஓட வேண்டாம்.

பயமாக இருந்தால் பயம் என்று எழுதுங்கள். அதில் ஒன்றும் கௌரவம் குறைந்துவிடாது.

பேராச்சி


செம்பூர்,
4-9-1966

பேராச்சிக்கு,

எனக்கு என்ன பயம்? போனேன். டாக்டர் நல்ல மனுஷன்தான், ஆனால் சிரிக்கத் தெரியாதவர்.

எப்படி எடுத்தார் என்று உனக்கு எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு பெட்டையை முன்னால் நிறுத்தி, கையால்தான். கண்ணாடிக் குழாயின் அடியில் பால் கலந்த தண்ணீர் போலக் கொஞ்சம் விழுந்தது. முதலில் வேறொரு நாயுடையதைக் காட்டினார். கண்ணை வைத்துப் பார்த்தேன். பேராச்சி, மழைக்குட்டையில் தலைப்பிரட்டை நெளியுமே, அப்படி! எல்லாம் ஒரே பக்கமாக முட்டிமோதிக்கொண்டு ஓடுகின்றன. சந்தைக்குப் போகிற கூட்டம்தான். சிரித்துவிட்டேன்.

அப்புறம் மேஜருடையதை வைத்தார்.

ஒன்றும் அசையவில்லை. ஏதோ தப்பு என்று கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கிடக்கின்றன, ஆனால் அப்படியே கிடக்கின்றன. சிலதுக்கு இரண்டு தலை. சிலதுக்கு வால் சுருண்டு கழுத்தில் சுற்றியிருக்கிறது. ஓரத்தில் ஒன்றே ஒன்று மட்டும் இருந்த இடத்திலேயே வட்டம் சுற்றியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நின்றது.

"நாலு மாசம் சேர்த்து வெச்சேன் சார், நிறைய இருக்குமே"ன்னு கேட்டேன். "சேர்த்து வெச்சா ஏறாதுப்பா. தேங்கி நின்ன தண்ணி மாதிரி, செத்ததுதான் சேரும். ஆனா இது அது மட்டும் இல்ல. இவன் எங்க படுக்குறான்?"னு கேட்டார். சுவரைச் சொன்னேன். நக்குவதையும் சொன்னேன். மேஜரின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு ஓரமாக ஒரு நீலக்கோடு, பென்சிலில் இழுத்த மாதிரி. ஈயம் என்றார். தகடு உருக்கும் புகை சுவரில் இறங்கிப் பூத்ததைத்தான் இவன் இத்தனை நாள் தின்றிருக்கிறான் என்றார். நாயின் உடம்பில் ஒரு சொட்டு உருவாகி வெளியே வர ரெண்டு மாதம் ஆகுமாம். அதனால் இன்றைக்கே இடத்தை மாற்றினாலும் அதற்குப் பிறகுதான் நல்லது கெட்டது தெரியுமாம். உடம்பில் ஏறியது இறங்க இன்னும் நாளாகும், பொறு என்றார்.

பிறகு அவர் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்து, "உம் பல்லைக் காட்டு"ன்னார். நான் என்ன நாயா? எழுந்து வந்துவிட்டேன்.

மேஜரைக் கரீம் பாட்சாவின் கைவண்டியில் உன்னிடம் அனுப்புகிறேன். ரெண்டு மாதம் வைத்துக்கொள். நான் வேலையை விட்டுவிட்டு வர முடியாது. மழை நேரத்தில் இந்தச் சுவரை விட்டு எங்கே போய்ப் படுப்பது? கல்யாணத்தைப் பற்றி அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் மணிக்கட்டு தொய்ந்து பேனா நழுவுகிறது. ஈரம்தான் காரணம்.

வெயிலுமுத்து


தாராவி,
25-9-1966

அத்தானுக்கு,

மேஜர் வந்து சேர்ந்தது. முதல் வாரம் எங்கள் தகரத்தை, பானையை, சுயம்புவின் செருப்பை, கண்டதையெல்லாம் நக்கிப் பார்த்தது. எதுவும் பிடிக்கவில்லை. செம்பூர் இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு ஊளையிட்டது. சந்தே கையெடுத்துக் கும்பிட்டது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறது. பின்னங்கால் நடுக்கம் குறைந்திருக்கிறது. டாக்டர் சேசுராஜ் கொடுத்த மருந்தைக் கருப்பட்டியில் உருட்டி வாயில் திணிக்கிறேன்.

இப்போது உங்களிடம் வருகிறேன். எனக்கு நாயைப் பற்றிக் கவலை இல்லை அத்தான். உங்களைப் பற்றித்தான். மணிக்கட்டு தொய்கிறது என்று எழுதினீர்கள். அந்த வரியைச் சுயம்புவிடம் காட்டினேன். உங்கள் எழுத்து வரிக்கு வரி கீழே இறங்கி மூலையில் போய் விழுகிறது. கல்யாணம் முடிந்த வருஷத்தில் எனக்கு மல்லிகைப்பூ வாங்கிவந்து அதைச் சுற்றிய காகிதத்தில் ஒரு பாட்டு எழுதித் தருவீர்களே, முத்து முத்தாக, அந்தக் கைதானா இது?

பிள்ளை வேண்டாம். அத்தைக்கு எது வேண்டுமோ அதைச் செய்துகொள்ளட்டும். நீங்கள் எனக்கு வேண்டும். இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. நாயை வண்டியில் ஏற்றிவிட்டு நீங்கள் மட்டும் எப்படி அங்கே இருப்பீர்கள்? இங்கே ஈரம்தான், சாக்கடைதான், ஆனால் குழந்தைகள் கத்தல் தாங்க முடியவில்லை. வாருங்கள். அந்தக் கத்தலைக் கேட்கவாவது வாருங்கள்.

பேராச்சி


செம்பூர்,
9-10-1966

பேராச்சிக்கு வெயிலுமுத்து எழுதுவது.

நீ தாராவிக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. கோலியில் எல்லாமே நசநச என்று கிடக்கிறது, பின்சுவர் ஒன்றைத் தவிர.

அவசரமாக ஒன்று எழுதுகிறேன். மேஜரைக் காணவில்லை. சுவரோரம்தான் கட்டியிருந்தேன். சங்கிலி கிடக்கிறது, நாய் இல்லை. லைன் முழுக்கத் தேடிவிட்டேன். பூதத்தான் கோலியைத் தட்டினேன், அவன் திறக்கவே மாட்டேன் என்கிறான். யாராவது தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். நீ அங்கே எங்கேயாவது பார்த்தாயா?

பிறகுதான் எனக்கு விளங்கியது. அது சுவருக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது. காதை வைத்தால் நகத்தால் பிறாண்டும் சத்தம் கேட்கிறது. கூடவே குட்டிகளும். நாம்தான் குட்டி பிறக்கவில்லை, பிறக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தோம். எல்லாம் அந்தப் பக்கம் பிறந்திருக்கின்றன. தொட்டிலும் அங்கேதான் ஆடுகிறது.

மேஜர் எதற்காக நக்கியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். இனிக்கிறது பேராச்சி. உப்பே இல்லை. சர்க்கரை மாதிரியும் இல்லை, கருப்பட்டி மாதிரியும் இல்லை. நாக்கில் நிற்காமல் உள்ளே போய்விடும் இனிப்பு. இவ்வளவு நாள் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெரியாமல் இருந்திருக்கிறோம்.

உனக்கும் கொஞ்சம் சுரண்டி இந்தக் கடிதத்தின் மடிப்பில் வைத்திருக்கிறேன். சாப்பிட்டுப் பார்.

வெயிலுமுத்து


தாராவி,
13-10-1966

அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. இதைக் கொண்டுவந்து உங்கள் எதிரில் நிற்பது சுயம்பு. பின்னால் நிற்பது கரீம் பாட்சா. இதைப் படித்து முடித்ததும், படிக்க முடியாவிட்டாலும், எழுந்து அவர்களோடு வாருங்கள். வர மாட்டேன் என்றால் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். என் மேல் கோபப்படுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

மேஜர் இங்கே இருக்கிறது. நீங்கள்தான் கைவண்டியில் ஏற்றி அனுப்பினீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை, ஈயம் காய்ச்சுகிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தை வாசலில் நின்று பிரித்தேன். வெள்ளைத் தூள் கையில் கொட்டியது. மேஜர் எங்கிருந்தோ மோப்பம் பிடித்துப் பாய்ந்து வந்தது. அடித்தேன், நகரவில்லை. என் உள்ளங்கையை நக்க அப்படித் துடித்தது. கையை மடக்கிக்கொண்டு தெருக்குழாய்க்கு ஓடினேன், கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கழுவுவதற்கு முன்னால் ஒரு கணம் எனக்கும் தோன்றியது, எப்படித்தான் இருக்கிறது என்று பார்ப்போமே என்று. அந்தக் கணத்தை நினைத்தால் இப்போதும் முதுகு சிலிர்க்கிறது. அங்கே ஐந்து வருஷம் தினமும் அதில்தானே சாய்ந்து உட்கார்ந்து அரிசி புடைத்தேன்.

எழுந்து வாருங்கள். கதவைப் பூட்டக்கூட வேண்டாம்.

பேராச்சி


திசையன்விளை,
19-11-1967

அத்தானுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். பெண் குழந்தை. உங்கள் மூக்கு, என் நிறம். அழுகை யாருடையது என்று தெரியவில்லை, பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கிறது. நம் கோலியில் கேட்காத சத்தத்தையெல்லாம் இவளே சேர்த்துக் கத்துகிறாள் போல. நான் தூங்கவே இல்லை, ஆனால் எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

போன வருஷம் இதே மாதம் சயான் பெரியாஸ்பத்திரியில் உங்களை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் யாருக்கோ நடந்தது போலிருக்கிறது. கையைத் தூக்க முடியாமல் கிடந்தீர்கள். என்னைப் பூதத்தான் பெண்டாட்டி என்று கூப்பிட்டீர்கள். இரத்தத்தில் ஈயம் என்று அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். தேறி வந்து கரீம் பாட்சா பட்டறையில் வேலைக்கு உட்கார்ந்ததும், டாக்டர் சேசுராஜ் மேஜருடையதை மறுபடி கண்ணாடியில் வைத்துக் காட்டியதும் ஒரே வாரம்தான் இல்லையா? வீட்டுக்கு வந்து "சந்தைக் கூட்டம் பேராச்சி, சந்தைக் கூட்டம்" என்று குதித்தீர்கள். உங்களுடையதை யாரும் கண்ணாடியில் வைத்துப் பார்க்கவில்லை. சாட்சி என் மடியில் படுத்துக்கொண்டு பால் குடிக்கிறாள்.

அத்தை தினமும் வருகிறாள். பேத்தியைக் கீழே விடுவதில்லை. சாத்தான்குளத்துப் பேச்சையும் எடுப்பதில்லை, அந்த ஒரு வார்த்தையைப் பற்றியும் பேசுவதில்லை. நேற்று என் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். அதுதான் அவள் மன்னிப்புக் கேட்கிற விதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வேலை சொல்கிறேன். எங்கப்பா கொடுத்த தொட்டில் கொக்கி இன்னும் செம்பூர்க் கோலியின் உத்தரத்திலேயே இருக்கிறது. மாசி பிறந்ததும் இவளோடு வந்துவிடுவேன். அதற்குள் கொக்கியைக் கழற்றி வந்து தாராவியில் மாட்டி வையுங்கள். இவள் அதில்தான் ஆட வேண்டும். உள்ளே ரொம்ப நேரம் நிற்காதீர்கள். எதையும் தொடாதீர்கள்.

பேராச்சி


தாராவி,
10-12-1967

என் பேராச்சிக்கு,

மகளுக்கு என் முத்தம். அவள் கத்தட்டும், தடுக்காதே.

ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்குப் போனேன். துணைக்கு மேஜரையும் கூட்டிக்கொண்டேன். அது இப்போது எப்படி இருக்கிறது என்கிறாய்! ஜூலி போன மாதம் போட்ட ஏழும் அதன் ஜாடை. முதல் தேர்வு நமக்குத்தான் என்று கரீம் பாட்சா சொல்லிவிட்டார். நீ வந்து எடுத்துக்கொள்.

லைனில் ஈ காக்கை இல்லை. ஆனால் நம் கோலியில் ஆள் இருக்கிறது. புது வாட்ச்மேனுக்கு விட்டிருக்கிறார்கள். நம் பக்கத்துப் பையன்தான், கல்யாணமாகி ரெண்டு மாதம்கூட இருக்காது. பெண் கழுத்தில் மஞ்சள்கயிறு இன்னும் பளிச்சென்று இருந்தது. காலையிலேயே இப்போது குளிர் அடிக்கிறதல்லவா, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு கணம் அது நீதான்.

அவள் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈயம், ஆஸ்பத்திரி, நீலக்கோடு, எல்லாம். "அண்ணாச்சி, பம்பாயில சும்மா கெடைக்கிற கோலிய விடுவாங்களா?"ன்னு சிரித்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. டாக்டர் சேசுராஜ் என் பல்லைப் பார்க்க வந்தபோது நான் எழுந்து வந்தவன். "உம் பல்லைக் காட்டு தம்பி"ன்னேன். முகம் மாறிவிட்டது. வெளியே போய்ப் பீடி பற்றவைத்துக்கொண்டான்.

பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கொக்கியில் கை வைத்ததும் அந்தப் பெண் எழுந்து வந்தாள். "அண்ணே, அது இருக்கட்டுமே, எங்களுக்கு வேணும்லா" என்றாள். வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். கொக்கியில் ஏற்கெனவே ஒரு புதுச் சேலைத்துணி முடிச்சுப் போட்டுத் தொங்கியது.

"இந்த வீட்டுல இதுக்கு வேலை வராது தாயி" என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கடைசியில், "பிள்ளை வேணும்னா இந்தச் சுவத்த விட்டுப் போயிரு. அவன் வராட்டா நீ மட்டுமாவது போயிரு. எம் பொஞ்சாதி அப்பிடித்தான் போனா, அதனாலதான் நான் உயிரோட நிக்கேன்" என்றேன். அவள் என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். தாராவியில் நம் சந்தின் அடையாளத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். கொக்கியை எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டுமா என்று இன்னும் தெரியவில்லை. மகளுக்கு வேறு அடித்துக்கொள்ளலாம்.

நீ வந்ததும் அந்தப் பெண்ணிடம் போக வேண்டும், பேராச்சி. மகளைத் தூக்கிக்கொண்டு போ. என் பேச்சை நம்பாதவள் குழந்தையைப் பார்த்தால் நம்புவாள். ஆனால் நான் உன்னோடு உள்ளே வர மாட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். உன்னிடம் மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

வாசலுக்கு வந்து பார்த்தால் மேஜர் இல்லை. திறந்து கிடந்த பூதத்தான் கோலிக்குள் ஓடியிருக்கிறது. போய்ப் பார்த்தேன். முன்னங்காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் மறக்கவில்லை. பட்டையைப் பிடித்து இழுத்தேன். உறுமியது. என்னைப் பார்த்து மேஜர் உறுமியதே இல்லை. இழுத்து இழுத்துச் சாலை வரைக்கும் கொண்டுவந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் துருத்தி ஓட ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் கவனித்தேன், என் வாய் நிறைய எச்சில் ஊறியிருந்தது. விழுங்கினேன். இனித்தது.

உன்
வெயிலுமுத்து